வந்த அளவும் வரவேண்டிய அளவும்

விடியற்காலையில் விழுப்புரம் சந்திப்பிலே நின்று பாருங்கள். காட்பாடியிலிருந்து ஒரு பாதை, புதுவையிலிருந்து ஒரு பாதை, விருத்தாசலம் வழியாக ஒன்று, மயிலாடுதுறை வழியாக ஒன்று. இப்படிப் பல திசைகளிலிருந்தும் வரும் இருப்புப்பாதைகள் கூடிச் சென்னை நோக்கித் திரும்பும் இடம் அது. வண்டி வருகிறது. கட்டட வேலைக்குச் செல்லும் தோழர்கள் ஏறுகின்றனர். பெரிய மருத்துவமனைக்கு நோயாளியை அழைத்துச் செல்வோர் ஏறுகின்றனர். அவர்களிடையே புத்தகப் பையை அணைத்தபடி ஓர் இளைஞனும் ஓர் இளமங்கையும் ஏறுகின்றனர். ஏர் பிடித்தவர் பேரன் அவன். களை பறித்தவர் பேத்தி அவள். திண்டிவனத்திலே வண்டி நிற்கும்போது அவர்களைப் போன்றோர் மேலும் சிலர் வந்து சேருகின்றனர். கிண்டியிலே, சென்னைப் பல்கலைக் கழக வளாகத்திலே, உயிர்வேதியியல் பயிலச் செல்வோர் இவர்கள்.

"என்ன படிக்கிறாய், தம்பி?" என்று கேட்கிறார் எதிரே அமர்ந்த பெரியவர்.

"புரதங்களைச் சோதித்து அறியும் படிப்பு, ஐயா."

"அதைப் படித்தால் என்ன கிடைக்கும்?"

பெரியவரின் கேள்வி தவறானதன்று. மல்லாக்கொட்டை விற்ற பணத்திலே மகனைப் படிக்க வைக்கும் குடும்பம் கேட்டே தீரவேண்டிய கேள்விதான். ஆனால் நாம் இன்று வேறொரு கேள்வியை எடுத்துக்கொள்கிறோம். அந்தப் படிப்பினால் அவனுக்கு என்ன கிடைக்கும் என்பதன்று. அந்தப் படிப்பு அவனிடம் என்ன கேட்கிறது என்பதே நம் கேள்வி.

மல்லாக்கொட்டை என்றோம். மணிலாக்கொட்டை என்பதைத் தென்னார்க்காட்டு நாவு அப்படி ஆக்கிக்கொண்டது. திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்திலே தேர்ந்தெடுக்கப்பட்ட நிலக்கடலை வகைகளுக்கு டி.எம்.வி. என்று பெயர், திண்டிவனம் என்பதன் சுருக்கமே அது. 1940-இல் வெளிவந்த டி.எம்.வி. 2, தமிழகத்து எல்லையைக் கடந்து ஆந்திரத்திலும் கன்னட நாட்டிலும் பரவிற்று. அந்தப் பருப்பிலே நூற்றுக்கு ஏறத்தாழ 25 பங்கு புரதம். எண்ணெயைப் பிழிந்தெடுத்தபின் எஞ்சும் புண்ணாக்கிலோ, அது பாதியளவை நெருங்கும். நாம் மாட்டுக்கு வைக்கும் பொருளிலே அடங்கியுள்ள அந்தப் புரதத்திலிருந்துதான், 1950களில் பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனம் கம்பளி போன்ற இழையை உருவாக்கி, 'ஆர்டில்' என்று பெயரிட்டு விற்றது.

புண்ணாக்கிலே புரதம் எவ்வளவு என்று அறிவது எப்படி? கோபன்ஹேகன் நகரத்திலே, கார்ல்ஸ்பர்க் மதுவாலையின் ஆய்வுக்கூடத்திலே, கெல்டால் என்பார் 1883-இல் ஒரு முறை வகுத்தார். புண்ணாக்குத் தூளை அடர்ந்த கந்தக அமிலத்திலே கொதிக்க வைத்தால், அதிலுள்ள நைட்ரஜன் அம்மோனியம் உப்பாக மாறும். காரம் சேர்த்து வடித்தால் அம்மோனியா ஆவியாக வெளிவரும். அந்த ஆவியைப் பிடித்து, பியூரெட்டிலிருந்து அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுத் தரம் பார்த்தால் நைட்ரஜன் இவ்வளவு என்று தெரியும். அதைக் கொண்டு புரதத்தைக் கணக்கிடலாம். இன்றும் மாணவர்கள் கற்கும் முறை இது.

ஒரு கல்லூரியிலே — பெயர் வேண்டாம், எங்கும் நடப்பதுதான் — இந்தச் சோதனையை ஒரு மாணவன் செய்தான். பியூரெட் காட்டிய அளவு 18.6 மில்லி லிட்டர். சென்ற ஆண்டு மாணவனின் பதிவேட்டிலே இருந்தது 20.0. பக்கத்திலே நின்றவர் பரிவோடுதான் சொன்னார்: "இருபது வரவேண்டும், தம்பி. இருபது என்றே எழுதிவிடு."

எழுதினான். முழு மதிப்பெண் பெற்றான்.

யாருக்கு நட்டம்? எவர் வயிற்றிலே அடித்தான்? எவர் உடைமையைப் பறித்தான்? ஒன்றுமில்லை. ஒன்று புள்ளி நான்கு மில்லி லிட்டர் பொய். ஒரு தேக்கரண்டிகூடத் தேறாது. பாவம் என்ற சொல் நம் அகராதியிலே இல்லை. ஆகவே பாவம் என்றும் சொல்லப்போவதில்லை. எனினும், இதனைச் சிறு தவறென்று தள்ளிவிட நம்மால் முடியவில்லை. ஏன் என்று கூறுவோம்.

அந்த 18.6 வெறும் எண் அன்று, ஒரு செய்தி. புண்ணாக்கிலே எண்ணெய் மிகுதியாகத் தங்கியிருக்கலாம், வடிக்கும் கருவியின் இணைப்பிலே கசிவு ஏற்பட்டு அம்மோனியா தப்பியிருக்கலாம், கொதிப்பு முற்றுப்பெறாதிருக்கலாம், அல்லது, சென்ற ஆண்டுக்காரனும் அதற்கு முந்தைய ஆண்டுக்காரனைப் பார்த்தே 20.0 என்று எழுதியிருக்கலாம்! இவற்றுள் எது உண்மை என்று அறிய வழியும் உண்டு. நைட்ரஜன் அளவு நன்கு தெரிந்த அம்மோனியம் சல்பேட்டை எடுத்து அதே கருவியிலே சோதித்தால் போதும். முழுதும் திரும்பி வந்தால் கருவி குற்றமற்றது, குறைந்து வந்தால் கசிவு உண்டு. ஒரு மணி நேர வேலை. அந்த ஒரு மணி நேரத்திலே அவன் விஞ்ஞானி ஆகியிருப்பான். 20.0 என்று எழுதிய அந்த நொடியிலே அவன் ஆனது என்ன? ஏட்டைப் பார்த்து ஓதுகிறவன்.

முடிவு முன்னரே எழுதப்பட்டுவிட்டது. கண்ணுக்குத் தெரிவது எதுவாயினும், அதனை முடிவுக்கேற்பத் திருத்திக்கொள் — சாத்திரத்தின் இலக்கணம் இதுவல்லவா? யாகம் செய்தபின் மழை பெய்தால் யாகத்தின் பலன். பெய்யாவிட்டால் மந்திரத்திலே பிழை. பொருத்தம் பார்த்த திருமணம் இனித்தால் பொருத்தத்தின் பெருமை. கசந்தால் குறித்த நேரத்திலே குறை. எந்த அளவு வந்தாலும் விடை 20.0! அதை எதிர்த்துத்தானே நாம் ஏடு நடத்தினோம், மேடை ஏறினோம்? சாத்திரத்தின் இடத்திலே பாடப்புத்தகத்தை வைத்து, புரோகிதர் இடத்திலே பதிவேட்டை வைத்துவிட்டால், மாறியது பெயரேயன்றி மனமன்று.

இந்தப் பழக்கம் மாணவனின் சோம்பலால் மட்டும் வந்ததா? இல்லை. அதற்கு வேர் ஆழத்திலே இருக்கிறது. இந்த நாட்டிலே கருத்து ஒரு சாதிக்கு, கரம் வேறு சாதிக்கு என்று பங்கிட்டு வைத்தனர். தோலைத் தொட்டவன், ஆவாரம் பட்டைச் சாற்றிலே அது அழுகாது நிலைபெறும் என்று கண்டான், அவனுக்கு எழுத்தில்லை. எழுத்தறிந்தவனோ தோலைத் தொடமாட்டான். செக்காட்டியவனுக்கு எண்ணெயின் இயல்பு தெரியும், ஏடு தெரியாது. ஏடறிந்தவனுக்குச் செக்கு இழிவு. தொட்டுப் பார்த்தவன் எழுதவில்லை. எழுதியவன் தொட்டுப் பார்க்கவில்லை. அந்தப் பிளவின் நிழல் இன்றைய கல்லூரியிலும் படிந்திருக்கிறது. பாடத்தை உருப்போடுவது உயர்வு. பியூரெட்டைப் பிடிப்பது சடங்கு. சடங்குதானே என்று எண்ணுவதால்தான் அளவைத் திருத்தக் கை கூசுவதில்லை.

தொட்டுப் பார்ப்பதும் எண்ணிப் பார்ப்பதும் கைகோத்தால் என்ன விளையும் என்பதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. அந்த வண்டியிலே சென்ற இளைஞர்கள் இறங்கும் அதே கிண்டி வளாகத்திலே இருக்கிறது.

1952-இல், முப்பது வயதுகூட நிறையாத ஜி. என். இராமச்சந்திரன், சென்னைப் பல்கலைக் கழகத்து இயற்பியல் துறைத் தலைவரானார். அவ்வாண்டு சென்னைக்கு வந்த பிரிட்டிஷ் அறிஞர் பெர்னால், கொலாஜன் என்னும் புரதத்தின் வடிவம் இன்னும் தெளிவாகவில்லை என்று பேச்சிடையே குறிப்பிட்டார். கொலாஜன் எது? தோலிலும் எலும்பிலும் தசைநாணிலும் உள்ள புரதம். ஆவாரம் பட்டைச் சாறு பிடித்துக்கொள்வது இதனைத்தான். தோல், தோற்பொருளாவது இதனால்தான். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கங்காரு வாலின் தசைநாணை எடுத்தனர், ஊடுகதிரைச் செலுத்தினர், படத்தாளிலே விழுந்த புள்ளிகளை அளந்தனர். மூன்று இழைகள் ஒன்றோடொன்று இணைந்த வடிவம் என்று 1954-இல் 'நேச்சர்' ஏட்டிலே எழுதினர். அவ்விழைகள் கயிறுபோல் முறுக்கிக் கொண்டிருப்பவை என்று அடுத்த ஆண்டு திருத்தமும் செய்தனர். அருகிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலே ஓர் அரங்கம் இன்றும் அந்த மூவிழைச் சுருளின் பெயரைத் தாங்கி நிற்கிறது. தொட்டால் தீட்டு என்று ஒதுக்கப்பட்ட தோலின் உள்ளே இருந்த அழகு அது!

ஆனால் நாம் சொல்ல வந்தது இந்த வெற்றியை அன்று. அதற்குப் பின் நடந்ததை.

1955-இல், டி.என்.ஏ. வடிவத்தைக் கண்டு புகழ்பெற்றிருந்த கிரிக், ரிச் என்பாருடன் சேர்ந்து மறுப்புரைத்தார். மூவிழை என்பது சரியே. ஆயினும் சென்னையார் காட்டிய வடிவிலே சில அணுக்கள் தாங்க முடியாத அளவு நெருங்கி நிற்கின்றன. மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் என்பது பொருந்தாது, ஒன்றுதான் இயலும் என்றார்.

என்ன செய்திருக்கலாம் சென்னையார்? வெள்ளையரின் பொறாமை என்று முழங்கியிருக்கலாம். கைதட்டக் கூட்டம் கிடைத்திருக்கும். பெரிய இடத்துச் சொல் என்று பணிந்து போயிருக்கலாம், அமைதி கிடைத்திருக்கும். இரண்டும் செய்யவில்லை. ஒரு கேள்வி கேட்டனர்: இரண்டு அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம்? அதுவரை அளந்தறியப்பட்ட படிகங்களிலிருந்து அணுக்களின் இடைத் தொலைவுகளைத் திரட்டினர். பின்னர், புரத இழையிலே ஒவ்வோர் இணைப்பும் எந்தெந்தக் கோணங்களிலே திரும்ப இயலும், எந்தக் கோணங்களிலே அணுக்கள் முட்டிக்கொள்ளும் என்று கணக்கிட்டனர். 1963-இல் இராமச்சந்திரன், இராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் வெளியிட்ட அந்த வரைபடம் இன்று உலகெங்கும் இராமச்சந்திரன் வரைபடம் என்றே வழங்குகிறது. எந்த நாட்டவர் எந்தப் புரதத்தின் வடிவத்தைக் கண்டதாகக் கூறினாலும், அது இந்த வரைபடத்தின் முன் நின்று தேர்வு எழுதியாக வேண்டும்.

கொலாஜன் வழக்கு என்னவாயிற்று? கொலாஜனைப் போன்ற சிற்றிழை ஒன்றின் படிக வடிவம் 1994-இல் துல்லியமாக அளந்தறியப்பட்டது. நேரடிப் பிணைப்பு ஒன்று என்பதே உறுதியாயிற்று. அந்த ஒன்றிலே கிரிக் கூறியதே சரி. இதனால் இராமச்சந்திரன் பெயர் குறைந்ததா? இல்லையே! பிழை என்று சுட்டப்பட்ட இடத்திலே நின்று, ஏன் என்று கேட்டதால்தான் உலகுக்கே ஓர் அளவுகோல் கிடைத்தது. வந்த மறுப்பை 20.0 என்று திருத்தி எழுதியிருந்தால், அந்த அளவுகோல் சென்னையிலே பிறந்திராது.

இன்னொன்றையும் மறைக்காமல் கூறுவோம். இராமச்சந்திரன் நம் பாசறையைச் சேர்ந்தவரல்லர். இந்திய மெய்யியல் மரபிலே ஈடுபாடு கொண்டவர். சமணரின் அளவையியலைக் கணித வடிவிலே தர முயன்றவர். நாம் அவரைப் போற்றுவது அவர் நம்மவர் என்பதற்காக அன்று. அந்த வரைபடத்தை ஏற்க எவரும் அவரது நம்பிக்கைகளை ஏற்க வேண்டியதில்லை. அவரது நம்பிக்கைகளை மறுப்போரும் அந்த வரைபடத்தை மறுக்க இயலாது. ஆளைப் பார்த்து ஏற்பதும் ஆளைப் பார்த்துத் தள்ளுவதும் அங்கே செல்லாது. அதுவே நாம் கேட்கும் சமத்துவமும்கூட.

அப்படியாயின், கருவி காட்டும் எண்ணை அப்படியே நம்பிவிட்டால் போதுமோ என்று கேட்கலாம். போதாது. எண்ணும் கடவுளன்று. கெல்டால் முறை அளப்பது நைட்ரஜனை, புரதத்தை அன்று. நூறு பங்கு புரதத்திலே 16 பங்கு நைட்ரஜன் என்று கொண்டு, கிடைத்ததை 6.25-ஆல் பெருக்குவது பொதுவழக்கம். நிலக்கடலைப் புரதத்திலே நைட்ரஜன் சற்று மிகுதி. அதற்குரிய எண் 5.46. ஒரே புண்ணாக்கு, ஒரே அளவீடு; பெருக்கும் எண் மாறினால், நூற்றுக்கு 50 என்பது 44-க்கும் கீழே இறங்கிவிடும்! எதை அளக்கிறோம் என்று தெரியாமல் அளப்பவன் ஏமாறுவான்; தெரிந்தே அளப்பவன் ஏமாற்றவும் கூடும்.

ஏமாற்றியும் காட்டினர். 2008-இல் சீனத்திலே, தண்ணீர் கலந்த பாலில் மெலமைன் என்னும் பொருளைச் சேர்த்தனர். மெலமைன் புரதமன்று; ஆனால் அதன் எடையில் நூற்றுக்கு 66 பங்கு நைட்ரஜன். சோதனையிலே பாலின் 'புரதம்' உயர்ந்தது. வரவேண்டிய அளவு வந்துவிட்டது! பால்மாவைக் குடித்த குழந்தைகளின் சிறுநீரகங்களிலே கல் விழுந்தது. ஏறத்தாழ 3 இலட்சம் குழந்தைகள் நோயுற்றனர். ஆறு குழந்தைகள் இறந்ததாக அந்த அரசே அறிவித்தது. பதிவேட்டிலே 20.0 என்று எழுதிய மாணவன் குழந்தைகளைக் கொன்றவன் என்று நாம் கூறவில்லை, கூறமாட்டோம். ஆனால், அளவு சரியாக இருந்தால் போதும், பொருள் எப்படி இருந்தால் என்ன என்னும் எண்ணம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். யாருக்கு நட்டம் என்று கேட்டோமே, அதற்கு அந்தத் தாய்மாரிடம் விடை உண்டு.

இனி வேறொரு காட்சி. புரத இழையின் அமினோ அமில வரிசை தெரிந்தால், அது எந்த வடிவிலே மடியும் என்று கணிப்பொறியைக் கொண்டு முன்கூட்டிச் சொல்ல முயல்வோர் உண்டு. 1994 முதல் அவர்கள் தங்களுக்கே ஒரு தேர்வு வைத்துக்கொண்டனர். சோதனையாளர் கண்டும் இன்னும் வெளியிடாத வடிவங்களை இவர்கள் கணித்து முதலில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அதன் பின்னரே உண்மை வடிவத்தோடு ஒப்பிடுவர். பல ஆண்டுகள் பலர் தோற்றனர், தோற்றதை ஒப்புக்கொண்டனர். 2020-இல் ஆல்ஃபாஃபோல்டு என்னும் பொறி வியக்கத்தக்க அளவு வென்றது. அதற்காக ஹசாபிஸ், ஜம்பர் இருவருக்கும் 2024-இல் வேதியியல் நோபல் பரிசிலே பங்கு கிடைத்தது. இதுவும் வருவதுரைத்தல்தான்! ஆனால், விடை தெரியுமுன் எழுதிக் கொடுத்து, தவறினால் தலைகுனிய ஆயத்தமான வருவதுரைத்தல். நம் ஊர்ச் சோதிடர் எவரேனும் இப்படியொரு தேர்வுக்கு வருவாரா?

சிரிக்கிறோம். சிரித்து முடித்ததும் நம் பக்கமும் திரும்ப வேண்டும், தோழர்களே. பழைய வடமொழி நூலிலே விமானம் இருந்தது என்பாரைப் பார்த்து நகைக்கிறோம். அந்த நூல் கூறும் விமானங்கள் பறக்க இயலாதவை என்று பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார் 1974-இல் ஆராய்ந்து கூறியதை மேடைதோறும் எடுத்துக் காட்டுகிறோம். நல்லது. ஆனால், நம் பழம்பாடலிலே அணு என்ற சொல் இருப்பதைக் காட்டி, அன்றே அணுவியல் கண்டோம் என்று ஒருவர் முழங்கினால், நாம் கைதட்டுகிறோமா, சான்று கேட்கிறோமா? மாற்றாரைப் பழிக்கும் செய்தி ஒன்று வந்தால், உண்மைதானா என்று ஒரு நாள் பொறுக்கிறோமா, உடனே பரப்புகிறோமா? நமக்கு ஆகாத அளவு வரும்போது, நம் பதிவேட்டிலே நாம் எழுதுவது எது? பகுத்தறிவு என்பது நாம் கொண்டுள்ள கொள்கைகளின் பட்டியலன்று. நமக்கு எதிராக வரும் 18.6-ஐ, நம் கையாலேயே எழுதும் துணிவு.

இந்தத் துணிவுக்கு விலை உண்டு என்பதையும் நாம் அறிவோம். முதல் தலைமுறையாகக் கல்லூரி வாயிலை மிதித்தவன், இரண்டு மதிப்பெண் குறைந்தால் மேற்படிப்புக்கு இடம் கிட்டாதே என்று அஞ்சுகிறான். அவன் அச்சம் பொய்யன்று. வசதி படைத்தவன் உண்மை பேசுவது எளிது. ஏழை மாணவனிடம் மட்டும் நேர்மையைக் கோரிவிட்டு நாம் ஒதுங்கி நிற்பது நீதியன்று. ஆகவே, நம் கோரிக்கை மாணவனிடம் மட்டுமன்று, ஆசிரியரிடமும் தேர்வாளரிடமும்கூட: 20.0 என்று எழுதியவனுக்கு முழு மதிப்பெண்ணும், 18.6 என்று எழுதி, ஏன் குறைந்தது என்று ஆராய்ந்தவனுக்குக் குறைந்த மதிப்பெண்ணும் கொடுக்கும் முறையை மாற்றுங்கள். அளவுக்கு மதிப்பெண் இடாதீர்கள். அளந்த முறைக்கு இடுங்கள். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன; அவற்றிலே ஆய்வுக்கூடங்கள் இருக்கின்றன; மல்லாக்கொட்டைக்கும் புண்ணாக்குக்கும் அங்கே பஞ்சமில்லை. அங்கே பயிலும் நம் இளைஞர்கள் முன்னின்று இதைக் கேட்கலாம். பெரிய போராட்டமன்று, ஆனால் நிலைத்த பயன் தருவது.

வண்டியிலே கேட்ட பெரியவருக்கு இப்போது விடை கூறலாம். ஐயா, அந்தப் படிப்பினாலே அவனுக்கு வேலை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். நாம் உறுதி கூறுவதற்கில்லை. ஆனால், வரவேண்டியது இது என்று ஊரும் ஏடும் உரைத்தாலும், வந்தது இது என்று எழுதப் பழகிய ஒருவன் உங்கள் எதிரே அமர்ந்திருக்கிறான். அப்படிப் பழகியவனிடம் சாதியைப் பற்றிக் கேளுங்கள், சாத்திரத்தைப் பற்றிக் கேளுங்கள், எங்களைப் பற்றியும் கேளுங்கள். அளந்து பார்த்தே சொல்வான். நம் நாட்டுக்கு அத்தகையோர் தேவை.